விற்கிறவர் பக்கம்

அந்தத் தெருவில் எல்லோரும் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் ஸ்டியரிங்கைத் தொட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. பெயர் மட்டும் விட்டுப் போகவில்லை. இருபத்தெட்டு வருஷம் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். எதிரே வரும் வண்டிகளின் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிந்தபோது தூக்கம் போதவில்லை என்று நினைத்துத் தள்ளிவிட்டார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்று மருத்துவர் சொன்ன நாளில் ஒரு கண் ஏற்கெனவே போயிருந்தது. மற்றதும் அடுத்த வருஷமே அதன் பின்னால் போனது.

கணவன் டிரைவர் என்பதால் மனைவி டிரைவரம்மா ஆனாள். அவள் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்தாள். சூடான உருளைகளுக்கு நடுவிலிருந்து ஆவி பறக்க வெளியே வரும் படுக்கை விரிப்புகளை, எதிரே நிற்கும் இன்னொருத்தியோடு சேர்ந்து பிடித்து, நான்காக மடித்து அடுக்குகிற வேலை. ஒரு ஷிப்டுக்கு நானூறு விரிப்பு. பிள்ளைகள் இல்லை. வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதவள் என்று டிரைவர் அவளைக் கேலி செய்வார். இயந்திரத்தின் இரைச்சலில் எட்டு மணி நேரம் பேச முடியாமல் கிடந்தவள் வீட்டுக்கு வந்துதானே பேசுவாள் என்று அவள் திருப்பிக் கொடுப்பாள்.

கண் போன முதல் வருஷம் டிரைவர் சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தார். சோறு வைத்தால் சாப்பிட்டார், குளி என்றால் குளித்தார், அவ்வளவுதான். இரண்டாம் வருஷம் டிரைவரம்மா சம்பளமில்லாத விடுப்பில் நான்கு மாதம் வீட்டில் இருந்தாள். தினமும் அவர் கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தாள். வாசலிலிருந்து முதல் விளக்குக் கம்பம் முப்பத்து நான்கு அடி. அங்கிருந்து நடைபாதை உடைந்து கிடக்கும் இடம் பத்தொன்பது. ரொட்டிக் கடைக்கு மூக்கே போதும். முடிதிருத்தகத்தின் வாசலில் விசிறி ஒரு பக்கம் தட்டிக்கொண்டே சுற்றும், அதைக் கேட்டால் இடது பக்கம் திரும்ப வேண்டும். அதையும் தாண்டினால் சின்னப் பூங்கா, அதில் இரண்டாவது பெஞ்சு. ஐந்தாவது மாதம் அவர் அவளை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் போய்விட்டு வந்தார். கையில் ரொட்டி இருந்தது. அவள் அந்த ரொட்டியை வாங்கி வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு அது அவருடைய ரூட் ஆகிவிட்டது. காலை ஒன்பது மணிக்குப் புறப்பாடு. முடிதிருத்தகத்தில் அரை மணி நேரம் நிறுத்தம், ஊர்க்கதை. பூங்காவில் பத்து நிமிஷம். யாராவது நடைபாதையில் வண்டியை நிறுத்தியிருந்தால், அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இது யார் வண்டி, லைசென்ஸை எடு என்று அதட்டுவார். தெருவில் உள்ளவர்கள் சிரித்துக்கொண்டே வண்டியை நகர்த்தினார்கள். நாளடைவில் அங்கே வண்டி நிறுத்துவதையே விட்டுவிட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் வீட்டுக்காரரின் கடிதம் வந்தது. அவருடைய மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறான், இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். டிரைவரம்மா அந்தத் தெருவிலும் அதன் கிளைச் சந்துகளிலும் கதவு கதவாகத் தட்டினாள். வாடகைக்கு ஒரு அறைகூடக் காலி இல்லை. மூன்று வாரம் அலைந்த பிறகு, அதே வரிசையில் ஏழு வீடு தள்ளி, கணக்கு வாத்தியாரின் வீட்டு கேட்டில் விற்பனைக்கு என்று பலகை தொங்கியது.

வாத்தியார் மனைவியை இழந்தவர், ஓய்வு பெற்றவர். மகன் இருக்கும் ஊருக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார். சின்ன வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி காயப்போட ஒரு கொடி கட்டும் அளவுக்கு இடம். வாங்குவது என்பது இவர்கள் கனவிலும் இல்லாத காரியம். ஆனால் டிரைவருக்குக் கம்பெனி கொடுத்த தொகை வங்கியில் இருந்தது, டிரைவரம்மாவின் சேமிப்பும் இருந்தது. அது நம்ம வயசான காலத்துக்கு என்றார் டிரைவர். வயசான காலம் வாசலில் வந்துதான் நிற்கிறது, நாற்காலி போடுங்கள் என்றாள் அவள்.

பலகையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்ததும் மறுநாளே ஏஜென்ட் வந்துவிட்டாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். தட்டையான செருப்பு, தோளில் பெரிய பை, பையில் அளவு டேப்பும் ஒரு டார்ச்சும். பார்த்தவுடன் அக்கா என்று கூப்பிட்டாள். கதவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, "அக்கா, ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். இந்த வீட்டை விக்கிறதுக்காக வாத்தியார் சார் என்னை வச்சிருக்கார். நான் அவர் சார்பா வேலை செய்றேன். உங்களுக்குன்னு தனியா ஒரு ஏஜென்ட் வச்சுக்கணும்னா வச்சுக்கலாம். இதைப் படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

டிரைவரம்மா அப்போது வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படியே இல்லை. தெருவும் வாசலும் ஒரே மட்டம். அவர் காலை எடுத்து வைத்தால் நேராக உள்ளே. ஏஜென்ட் சொன்னது காதில் விழுந்தது, மனசில் இறங்கவில்லை. சரிம்மா, சரிம்மா என்று தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஏஜென்ட் ஒரு பிரதியை அவளிடம் கொடுத்தாள். அது மடிக்கப்பட்டுக் கைப்பைக்குள் போனது.

இரண்டாம் முறை டிரைவரம்மா டிரைவரையும் அழைத்துப் போனாள். ஏஜென்ட் அவரை அவசரப்படுத்தவே இல்லை. அவர் சுவர்களைத் தடவி, ஜன்னல் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்து, சமையலறைக் குழாயைத் திறந்து மூடி, ஒவ்வொரு அறையையும் நெஞ்சுக்குள் வாங்கிக்கொள்ளும்வரை ஒன்றரை மணி நேரம் பொறுமையாக நின்றாள். வழியில் இருந்த மேசையை அவளே நகர்த்தினாள். வெளியே வரும்போது டிரைவர், "இங்கிருந்து சலூனுக்கு அடி குறையும், ரொட்டிக் கடைக்குக் கூடும். பரவாயில்லை, தாங்கும்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை டிரைவரம்மா பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

அதனால்தானோ என்னவோ, நான்கு நாள் கழித்து வீட்டின் அளவுகள் எழுதிய தாளைக் கொடுக்க ஏஜென்ட் வந்தபோது டிரைவரம்மாவுக்கு மனசு கொள்ளவில்லை. டிரைவர் வெளியே போயிருந்தார். சமையலறையில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. டிரைவரம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சுவரைப் பார்த்துக் கிடந்த வருஷம், நான்கு மாத நடை, முதல் ரொட்டி. இந்தத் தெருவை விட்டுப் போனால் அந்த மனுஷன் மறுபடியும் கட்டிலில் விழுந்துவிடுவார் என்றாள். வீட்டைக் காலி செய்ய இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதையும் சொன்னாள். ஏஜென்ட் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, இதெல்லாம் எங்கிட்ட சொல்ல வேணாமே" என்றாள்.

அதை டிரைவரம்மா கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள். அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்கத் தாங்காத நல்ல மனசு என்று நினைத்தாள்.

"உங்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லப்போறேன்? கையில நாப்பத்திரண்டு லட்சம் இருக்கு. என் சம்பளத்து மேல பேங்க்ல கேட்டா இன்னும் நாலு தருவாங்க. நாப்பத்தாறு வரைக்கும் முட்டி மோதிப் பாத்துடுவோம். ஆனா வாத்தியார்கிட்ட முப்பத்தெட்டுலேர்ந்து ஆரம்பிம்மா. நம்மளைக் கொஞ்சம் பாத்துச் செய்."

ஏஜென்ட் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்தாள்.

டிரைவர் வந்ததும் ஏஜென்ட்டின் குணத்தைப் பற்றி அவள் அளந்து தள்ளினாள். கூடப்பிறந்தவள்கூட இப்படிக் கேட்க மாட்டாள் என்றாள். அவர், "அவ யார் ஆளு?" என்று கேட்டார். இது என்ன கேள்வி என்றாள் அவள். "இல்ல, பஸ்ஸுல ஏறுற ஜனங்ககிட்ட நானும் நல்லாத்தான் பேசுவேன். வயசானவங்களுக்குக் கைகொடுத்து ஏத்திவிடுவேன். ஆனா வண்டியை எங்க நிறுத்தணும், எங்க நிறுத்தக் கூடாதுன்னு கம்பெனி சொல்றதைத்தான் கேப்பேன். சம்பளம் அங்கேர்ந்துதானே." எல்லோரையும் சந்தேகப்படும் புத்தி என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முப்பத்தெட்டு என்று கேட்டதற்கு இரண்டே நாளில் பதில் வந்தது. வாத்தியார் நாற்பத்தாறு சொல்கிறார், ஒரு ரூபாயும் குறைக்கமாட்டாராம். போனில் ஏஜென்ட்டின் குரல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. டிரைவரம்மாவுக்கு அது தெரியவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நம்மால் எவ்வளவு முடியுமோ அதே தொகை, அணுவளவும் பிசகாமல், அந்த மனுஷன் வாயிலிருந்து வருகிறது என்றால் அந்த வீடு நமக்கென்றே வைத்த வீடு என்று டிரைவரிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். அவர் ம் கொட்டிக்கொண்டிருந்தார்.

நாற்பத்தாறுக்குச் சரி என்று சொல்லிவிட்டு, குறைந்த நாலுக்குக் கடன் கேட்டுப் போன வங்கியில் அவளை அலையவிட்டார்கள். ஹோட்டலிலிருந்து சம்பளச் சான்று, அதில் முத்திரை சரியாக விழவில்லை என்று மறுபடியும் ஒன்று, பிறகு வீட்டு மதிப்பீட்டாளர் வரவேண்டும், அவர் விடுப்பில். வேலை முடிந்ததும் ஓடினாள், மதிய இடைவேளையில் ஓடினாள். இன்னும் ஒரு வாரம் என்று மூன்று வாரம் ஓடியது. அவள் நடுவில் வீட்டுச் சாமான்களைப் பெட்டியில் போட ஆரம்பித்திருந்தாள். ஏழு வீடு தள்ளிப் போவதற்கு லாரி எதற்கு, தள்ளுவண்டி போதும் என்று எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள்.

நான்காம் வாரம் திங்கட்கிழமை, விரிப்பு மடித்துக்கொண்டிருந்தபோது ஏஜென்ட்டின் போன் வந்தது. ஒரு பல் மருத்துவர் வீட்டைப் பார்த்தாராம். அதே நாற்பத்தாறு, கடன் கிடன் எதுவும் வேண்டாம், கையில் தயாராக இருக்கிறது. வாத்தியாரின் மகனுக்கும் அவசரம். காலையில் ஒப்பந்தம் எழுதிவிட்டார்கள்.

டிரைவரம்மா மேற்பார்வையாளரிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினாள். வேலைக்குப் போடும் சாம்பல் நிறக் கோட்டோடு, தலைக்கு மாட்டிய வலையைக் கழற்றக்கூட நினைவில்லாமல், ஏஜென்ட்டின் அலுவலகத்தில் போய் நின்றாள். கண்ணாடிக் கதவு, இரண்டு மேசை, சுவர் முழுக்க வீடுகளின் படங்கள். அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்துப் பக்கத்து மேசைக்காரர் எழுந்து வெளியே போனார். அவள் சத்தம் போடவில்லை. உட்காரக்கூட இல்லை.

"வாத்தியாருக்கு நாப்பத்தாறுன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

வரும் வழியில் பேருந்தில்தான் அந்தக் கேள்வி அவளுக்கு உதித்தது. உதித்த மாத்திரத்திலேயே பதிலும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஏஜென்ட்டின் வாயால் வரட்டும் என்று நின்றாள்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் ஏஜென்ட்.

பிறகு கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். கீழே டிரைவரம்மாவின் கையெழுத்து, சுவரின் சொரசொரப்பில் நடுங்கி நடுங்கி விழுந்தது. மேலே நான்கே வரி. இந்த முகவர் விற்பவரின் சார்பில் செயல்படுகிறார். வாங்குபவர் சொல்லும் விஷயங்களில் விற்பவருக்குப் பயன்படக்கூடியதை அவரிடம் தெரிவிப்பது முகவரின் கடமை. டிரைவரம்மா விரலை வைத்து எழுத்துக்கூட்டுவது போல இரண்டு தடவை படித்தாள். எதுவுமே கடினமான வார்த்தை இல்லை. அன்றைக்கே படித்திருந்தாலும் புரிந்திருக்கும்.

"நீங்க சொன்னதை நான் மறைச்சிருந்தா அது வாத்தியாருக்குப் பண்ற துரோகம், அக்கா. என்னை நம்பி வீட்டைக் குடுத்தவர் அவர். உங்க வீட்டுக்காரரைப் பத்தியும் சொன்னேன். அவருக்காகவாவது வாத்தியார் இறங்கி வருவார்னு நினைச்சேன். நல்ல மனுஷங்க பாவம்னுதான் சொன்னார். ஆனா அவங்களால நாப்பத்தாறு முடியும்ல, பின்ன என்னன்னு கேட்டார்."

"நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா, அவர் நாப்பத்திரண்டுக்குக் குடுத்திருப்பாரா?"

ஏஜென்ட் தாளைத் திருப்பிக் கோப்பில் வைத்தாள். வைத்த பிறகும் அதன் ஓரத்தைச் சரி செய்துகொண்டே இருந்தாள். "அதை நான் சொல்லக் கூடாது, அக்கா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

நாற்பத்திரண்டு கையில் இருந்தது. வங்கி வேண்டாம், முத்திரை வேண்டாம், மதிப்பீட்டாளர் வேண்டாம். அந்த வாரமே முடிந்திருக்கும். டிரைவரம்மா திரும்பி நடந்தாள். ஏஜென்ட்டைத் திட்டுவதற்கு ஒரு வார்த்தை கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று வழியெல்லாம் தேடினாள். பொய் சொன்னாளா, இல்லை. ஏமாற்றினாளா, முதல் நாளே வாசலில் நிறுத்தி வைத்துச் சொன்னாள். சமையலறையில் வேண்டாம் என்று தடுத்தும் பார்த்தாள். அக்கா என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் காற்றில் விட்டது தான்தான் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கேயே வந்து முட்டிக்கொண்டது.

டிரைவர் பூங்காவில் இரண்டாவது பெஞ்சில் இருந்தார். அந்த நேரத்தில் அவள் காலடி கேட்டதுமே ஏதோ நடந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நகர்ந்து இடம் கொடுத்தார். வீடு போய்விட்டது என்றாள். அவர் தலையை ஆட்டினார். திக்கித் திணறி, தன் வாயால்தான் போனது என்று அவள் ஆரம்பித்தபோது அவர் குறுக்கே பேசினார்.

"தெரியும். சலூன்ல வாத்தியார் தாடி எடுத்துக்கும்போது சொன்னாராம். நாப்பத்தாறு வரைக்கும் வருவாங்க, ஏஜென்ட் கேட்டுட்டு வந்து சொன்னாங்கன்னு. கடைக்காரர் எங்கிட்ட சொன்னார். பதினஞ்சு நாள் இருக்கும்."

"பதினஞ்சு நாளாவா? ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ உன்னையே தின்னுடுவே. வீடு கிடைச்சுட்டா உனக்குத் தெரியாமலே போயிடும், நாலு கூடக் குடுத்தோம்னு போவட்டும்னு இருந்தேன்."

அவள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பட்டப்பகல், பூங்காவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது எதுவும் உறைக்கவில்லை. தலையில் இன்னும் அந்த வலை இருப்பதைத் தடவிப் பார்த்த டிரைவர் அதை மெல்லக் கழற்றித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நகரத்தின் மறுபக்கத்தில், நாலாவது மாடியில் ஒரு வாடகை வீடு கிடைத்தது. லிஃப்ட் தனக்கு மனசிருந்தால் வேலை செய்தது. கீழே இறங்கினால் எட்டு வரிசையாக வண்டிகள் போகும் சாலை, அதில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண் தெரிந்தவர்களுக்கே பிடிபடாது. டிரைவர் முயற்சி செய்யாமல் இல்லை. முதல் மாதம் நான்கைந்து தடவை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஒருநாள் அவள் வேலைக்குப் போன பிறகு தனியாகப் புறப்பட்டு, தோண்டிப் போட்டிருந்த நடைபாதையில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு ஆறு வாரத்தில் பிரிக்கப்பட்டது. அவர் அதற்குப் பிறகு வெளியே போவதைப் பற்றிப் பேசவில்லை. கட்டிலைச் சுவர்ப் பக்கம் தள்ளிப் போடச் சொன்னார்.

ஐந்து மாதம் கழித்து ஏஜென்ட் போன் செய்தாள். எண்ணைப் பார்த்ததும் டிரைவரம்மா எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எடுத்தாள். பழைய தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு தரைத்தள வீடு விலைக்கு வருகிறது, இன்னும் பலகைகூட மாட்டவில்லை என்றாள் ஏஜென்ட். நாற்பதுக்குள் முடிக்கலாம். விற்கிறவர்களுக்கு வேறு ஏஜென்ட் இருக்கிறார். "இந்தத் தடவை நான் உங்க பக்கம், அக்கா. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். நீங்க எங்கிட்ட சொல்றது எதுவும் அந்தப் பக்கம் போகாது. எனக்குக் கட்டணம் எதுவும் வேணாம்."

டிரைவரம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு அவரிடம் சொன்னாள். இரண்டு தெருதான் தள்ளி, மறுபடியும் நான்கு மாதம் லீவு போடுகிறேன், நடப்போம் என்றாள். டிரைவர் திரும்பிப் படுக்கவில்லை. நேராக அவள் குரல் வந்த பக்கம் முகத்தைக் காட்டி, யோசித்துத்தான் சொன்னார்.

"இன்னொரு தெரு என் தலைக்குள்ள ஏறாதும்மா. அதுக்கு ஒரு தைரியம் வேணும். அது ஒரு தடவைதான் எங்கிட்ட இருந்துது."

அவள் கெஞ்சிப் பார்த்தாள். அவர் கோபப்படவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. வேண்டாம் என்று ஏஜென்ட்டிடம் சொன்னாள். காரணத்தையும் சொன்னாள், அவர் சொன்ன அதே வார்த்தைகளில். நான் ஒரு தடவை வந்து பார்க்கட்டுமா என்று ஏஜென்ட் கேட்டாள். வந்து என்னம்மா ஆகப்போகிறது என்றாள் டிரைவரம்மா. சொன்ன பிறகுதான், தன் குரலில் கோபம் என்று எதுவும் மிச்சமில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

மறுவாரம் அவள் மேற்பார்வையாளரிடம் பேசிக் காலை ஷிப்டை விட்டு மதிய ஷிப்டுக்கு மாறிக்கொண்டாள். சம்பளத்தில் கொஞ்சம் பிடித்தம் இருந்தது. இப்போது காலை நேரங்களில் அவரை எழுப்பி உட்காரவைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, பேப்பரை விரித்து ஒரு பக்கம் விடாமல் வாசிக்கிறாள். விபத்துச் செய்திகளை மட்டும் தாண்டிவிடுவாள். எங்கே தாண்டினாள் என்பதைத் தாள் சீக்கிரமாகப் புரளும் சத்தத்திலேயே அவர் கண்டுபிடித்துவிடுவார், ஆனால் ஏன் தாண்டினாய் என்று கேட்பதில்லை.